மௌனசாமியின் சமாதி

"அம்மா, நான் ஜெயித்துவிட்டேன். எப்படியாவது காப்பாற்றுங்கள்."

ஆபத்சகாயம் ஓடி வந்த வேகத்தில் மேல்துண்டு வழியிலேயே எங்கோ விழுந்திருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

உமையாள் அம்மை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மடத்துக்குத் தலைவி அவர்தான். சீடர்கள் அத்தனை பேரும் அவரைவிட மூத்தவர்கள். அவர்களிலும் மூத்தவர் ஆபத்சகாயம்.

"யாரை ஜெயித்தீர்?"

"தாண்டவனை."

"அது வாராவாரம் நடப்பதுதானே. அதில் என்ன ஆபத்து?"

"பொழுது சாய்வதற்குள் மௌனசாமியை என் கையாலேயே உயிரோடு புதைக்க வேண்டும்."

அம்மை அரிவாள்மணையை மடக்கி வைத்தார்.

மௌனசாமி ஒரு பச்சோந்தி.

போன வருஷத்து மழையில் வேலியோரம் சுண்டுவிரல் நீளத்தில் கிடந்ததை ஆபத்சகாயம்தான் எடுத்து வந்தார். வெட்டுக்கிளி பிடித்து ஊட்டினார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இருந்த சிநேகிதர்களையும் வாதத்தில் தோற்கடித்தே விரட்டியிருந்தார். தன்னை மறுத்துப் பேசாத ஒரே ஜீவன் என்று அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்.

முற்றத்து மாதுளஞ்செடியில் அதற்கு வீடு. வாதம் நடக்கும்போது அவர் தோளில் இடம். ஒரு கண் அவரைப் பார்க்கும். மறு கண் எதிராளியைப் பார்க்கும். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எதிராளிக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். ஆபத்சகாயத்தின் வெற்றிகளில் பாதி அப்படி வந்தவைதான் என்று சக சீடர் தாண்டவன் சொல்வதுண்டு. மறு பாதி எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

அந்த மடத்தில் எதையும் வாதம் செய்துதான் முடிவு கட்டுவார்கள். முடிவு கட்டியதை யார் செய்வது என்பதில்தான் ஒரு காலத்தில் தகராறு. கிணற்றைத் தூர்வாரியே ஆக வேண்டும் என்று ஒருவர் அருமையாக நிரூபிப்பார். நிரூபித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பார்த்தார், பழைய தலைவர் ஒருவர். வென்றவர் தன் முடிவைத் தன் கையாலேயே, அன்றைய பொழுது சாய்வதற்குள் செய்து முடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

அன்றோடு பாதி வாதங்கள் நின்றுபோயின.

மீதியும் சுலபமாக இல்லை. கொசுவும் ஓர் உயிர், அதற்குப் பசிக்கும் என்று ஜெயித்தவர் வெற்றுடம்போடு தோட்டத்தில் போய் உட்கார்ந்தார். உப்பு வெறும் மாயை என்று ஜெயித்தவர் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, மறுநாள் விடியும் முன்னே எழுந்து வந்து மறுவாதம் கேட்டார்.

"முதலிலிருந்து சொல்லும்" என்றார் அம்மை.

"கொஞ்ச நாளாகவே மௌனசாமி சாப்பிடுவதில்லை அம்மா. வெட்டுக்கிளியை மூக்குக்கு நேரே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்."

"சரி."

"நிறம் மாறிவிட்டது."

"பச்சோந்திதானே? மாறாமல்?"

"இது அந்த மாற்றம் இல்லை. இலைமேல் இருந்தாலும் கறுப்பு, கொம்பின்மேல் இருந்தாலும் கறுப்பு. அந்தக் கறுப்பில் அங்கங்கே காவிப் புள்ளி. காவி, அம்மா! துறவு பூண்கிறார்."

"ஓகோ."

"கிட்டே போனால் சீறுகிறார். யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து! ஊட்டி வளர்த்த என்னைப் பார்த்து! பற்றை அறுக்கிறார்."

"சாப்பிடாமல் மெலிந்திருப்பாரே?"

"அங்கேதான் அதிசயம். நாளுக்கு நாள் பருக்கிறார்! காற்றையே உண்கிறார். மூச்சை வயிற்றில் கட்டுகிறார். தொட்டுப் பார்த்தால் உள்ளே உருண்டை உருண்டையாகத் தட்டுப்படுகிறது. பிராணன் அப்படியே திரண்டு கெட்டிப்பட்டிருக்கிறது."

அம்மை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"இதற்கெல்லாம் முன்னால் விசேஷமாக ஏதாவது நடந்ததா?"

ஆபத்சகாயம் யோசித்தார்.

"ஒரு சீடர் வந்தார்."

"மடத்துக்கா?"

"மௌனசாமிக்கு. இன்னொரு பச்சோந்தி. வேலிப்பக்கமிருந்து வந்தார். என்ன தேஜஸ்! பச்சைப் பட்டு உடுத்தினாற்போல் இருந்தார். வந்ததும் மாதுளைக்கொம்பில் நின்று தலையை ஆட்டி ஆட்டி வணங்கினார். மௌனசாமி வாயைப் பிளந்து விரட்டினார். பக்குவம் வந்துவிட்டதா என்று சோதிக்கத்தான். சீடர் அசையவில்லை. மறுபடியும் வணங்கினார். விரட்ட விரட்ட வணங்கினார். கடைசியில் குரு மனம் இரங்கிவிட்டது."

"இரங்கி?"

"சீடரை முதுகிலேயே ஏற்றிக்கொண்டார் அம்மா! எந்தக் குரு செய்வார் இந்தக் காலத்தில்? மடமே கூடி நின்று பார்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டோம்."

"எல்லோருமா?"

"எல்லோரும்தான். தாண்டவன் ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து காட்டினார்."

அம்மை குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின.

"அழுகிறீர்களா அம்மா?"

"இல்லை. மேலே சொல்லும். உபதேசம் முடிந்ததும் சீடர் என்ன செய்தார்?"

"போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

"அதுவும் வழக்கம்தான்."

அம்மை ஒரு கொத்தவரங்காயை எடுத்துக் கிள்ளினார்.

"ஒரு சந்தேகம். மௌனசாமி ஆண் என்று யார் முடிவு கட்டியது?"

"இதற்கு வாதம் வேறு வேண்டுமா? பேரே சாமி."

"பேர் வைத்தது யார்?"

"நான்தான். ஏன் வைத்தேன்? மௌனமாக இருக்கிறாரே! பெண்ணாக இருந்தால் வாய் சும்மா இருக்குமா? நான் பார்த்த வரையில், பெண் என்றாலே..."

அம்மை வெகுநேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதை ஆபத்சகாயம் கவனிக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்தபோது கொத்தவரங்காயும் முடிந்திருந்தது.

"இன்று என்ன ஆயிற்று?" என்று அம்மை கேட்டார்.

"காலையில் செடியைவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். மண்ணில் கால் படாமல் வளர்ந்தவர்! கிணற்றடியில் தோண்டினார், பிடிக்கவில்லை. நந்தியாவட்டைப் புதரண்டை தோண்டினார், அதுவும் பிடிக்கவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் ஈரமண் இருக்கிறதே, அங்கே மனசு நின்றுவிட்டது. குழி தோண்டி உள்ளேயும் இறங்கிவிட்டார். பார்த்துக்கொள்ளுங்கள். உணவை விட்டார். உறவை விட்டார். காவி பூண்டார். சீடருக்கு உபதேசத்தை முடித்தார். தன் குழியைத் தானே தோண்டினார். இது ஜீவசமாதி இல்லையென்றால் வேறு எதுதான் ஜீவசமாதி?"

"தாண்டவன் என்ன சொன்னார்?"

"வயிற்று உப்புசமாம். ஓமத்தண்ணீர் புகட்டினால் சரியாகிவிடுமாம். ஓமத்தண்ணீர்!" ஆபத்சகாயத்தின் முகம் அந்த நேரத்திலும் மலர்ந்தது. "நார் நாராகக் கிழித்துவிட்டேன் அம்மா. உப்புசம் வந்தவன் படுப்பானா, குழி தோண்டுவானா என்று ஒரே கேள்வி. மனுஷர் வாயடைத்து நின்றார். சபையே கைதட்டியது."

"பிறகு?"

முகம் வாடிவிட்டது.

"கைதட்டல் அடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜீவசமாதி என்றால் மேலே கல் வைத்து மூட வேண்டும். ஜெயித்தவன் வைக்க வேண்டும். தாண்டவன் கல் தேடப் போயிருக்கிறார். தோற்றவர் மாதிரியே இல்லை, துள்ளிக்கொண்டு போகிறார்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கையில் வளர்ந்த பிள்ளை அம்மா. என் தோளிலேயே தூங்குவார்."

அம்மையின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"மறுவாதம் கேளும்."

"எதிர்க்கட்சி பேச யார் வருவார்? மடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தோற்கடித்து வைத்திருக்கிறேன். என் எதிரே உட்காரவே மாட்டேன் என்கிறார்கள்."

"நீரே உட்காரும்."

"நானே எனக்கு எதிரேயா?"

"உம்மைவிட்டால் யார் இருக்கிறார்?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆபத்சகாயம் எழுந்து நின்றார். தூணுக்கு இடப்பக்கம் போய், "மௌனசாமி சமாதிக்குப் போகவில்லை" என்றார். வலப்பக்கம் வந்து, "அப்படியானால் குழி எதற்கு ஓய்?" என்றார். இடப்பக்கம் போனார். "வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று." வலப்பக்கம் வந்தார். "மாதுளை நிழல் போதாதோ? இத்தனை நாள் போதுமாயிருந்தது இன்றைக்கு எப்படிப் போதாமல் போயிற்று?" இடப்பக்கம் போனவர் தலையைச் சொறிந்தார்.

"பதில் சொல்லும்!" என்று வலப்பக்கத்திலிருந்து அதட்டினார்.

இடப்பக்கம் போய் விழித்தார்.

"சபைக்கு வருமுன் படித்துவிட்டு வர வேண்டாமா?" என்று வலப்பக்கத்திலிருந்து நக்கல் செய்தார்.

இப்படியே நடந்து நடந்து வேர்த்துக் கொட்டியது. கடைசியில் தூணையே கட்டிக்கொண்டு நின்றார்.

"முடியவில்லை அம்மா. என்னை என்னால் மடக்க முடியவில்லை. பொல்லாத கெட்டிக்காரனாக இருக்கிறேன்."

"தெரிகிறது. போய்க் குழியண்டை உட்காரும். பொழுது சாயும் வரையில் பேசக் கூடாது."

"ஜபம் செய்யலாமா?"

"கூடாது."

"மனசுக்குள்?"

"கூடாது."

"பிறகு உட்கார்ந்து என்னதான் செய்ய?"

"பாரும்."

ஆபத்சகாயம் போய் உட்கார்ந்தார்.

குழி முழங்கை ஆழம்கூட இராது. மௌனசாமி தலையை மேலே வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். மூக்கிலும் தலைக் கொண்டையிலும் ஈரமண் அப்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மண்ணைத் துடைத்துவிடலாம் என்று விரலை நீட்டினார். மௌனசாமி சீறினார். விரலை இழுத்துக்கொண்டார்.

பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் தொண்டை அரித்தது. மௌனசாமி சீறியதற்கு மூன்று வேதாந்தக் காரணங்கள் நாக்குநுனி வரை வந்தன. விழுங்கினார். வேறு வேலை இல்லாததால் பார்த்தார்.

மௌனசாமியின் விலா ஏறியது, இறங்கியது. உடம்பு முழுக்க ஒருமுறை இறுகியது. கண்ணை மூடித் திறந்தார். ஓய்ந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி இறுகியது.

ஆபத்சகாயத்துக்கும் வயிறு சேர்ந்து இறுகியது. காரணம் தெரியவில்லை.

ஒரு கட்டெறும்பு குழிக்குள் இறங்கப் பார்த்தது. மௌனசாமிக்கு அதன்மேல் கவனம் இல்லை. ஆபத்சகாயம் அதை ஊதித் தள்ளினார். இன்னொன்று வந்தது. அதையும் ஊதினார்.

உலகத்தை விட்டுப் போகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். இந்த மடத்திலேயே இரண்டு பெரியவர்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் முகம் இப்படி இல்லை. அவர்களுக்குக் கடைசியில் செய்ய ஒன்றும் மிச்சமில்லாத முகம். மௌனசாமிக்கோ தலைக்குமேல் வேலை கிடப்பது போன்ற முகம். இந்த நேரத்தில் வந்து தொந்தரவு செய்கிறானே என்கிற முகம்.

ஆபத்சகாயம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

மடத்தார் கூட்டமாக வந்தார்கள். முன்னால் தாண்டவன். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் தட்டைக்கல். கல்லுக்கு விபூதிப்பட்டையும் போட்டிருந்தார். கடைசியாக அம்மை வந்து ஓரமாக நின்றார்.

"நல்ல கல் ஓய்" என்றார் தாண்டவன். "வண்ணான் துறையிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். நூறு வருஷம் கிடக்கும். எடும், வையும்."

கல்லை ஆபத்சகாயத்தின் கையில் வைத்தார். கனத்தது.

யாரோ சங்கு ஊதினார்கள். யாரோ பூத்தூவினார்கள். மௌனசாமியின் மூக்கின்மேல் ஒரு நந்தியாவட்டைப் பூ விழுந்தது. அதற்கும் சீறினார்.

"பொழுது போகிறது ஓய்!"

ஆபத்சகாயம் அம்மையைப் பார்த்தார். அம்மை குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபத்சகாயம் கல்லைத் தன் காலடியில் போட்டார். ஈரமண்ணில் தொப்பென்று விழுந்தது.

"நான் தோற்றுவிட்டேன்" என்றார்.

சங்கு நின்றது.

"யாரிடம்?" என்று தாண்டவன் கேட்டார்.

"தெரியவில்லை."

"எதிர்வாதம் செய்தது யார்?"

"யாரும் இல்லை."

"காரணம்?"

"இல்லை."

"ஏதாவது மேற்கோளாவது?"

"இல்லை."

"இதென்ன அநியாயம்!" தாண்டவன் சபையைப் பார்த்துத் திரும்பினார். "எத்தனை வருஷமாக இந்த மனுஷரைத் தோற்கடிக்கப் பாடுபடுகிறேன்! இப்போது ஒருத்தரும் தொடாமல் தானாகத் தோற்பாராம். இதை நாங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

"எந்தக் கணக்கிலும் சேருங்கள். கல் வைக்க மாட்டேன்."

"நீர் தோற்றால் நான் ஜெயித்ததாக ஆகும், தெரியுமா?"

"ஆகட்டும். உமக்கு என் நமஸ்காரம்."

தாண்டவன் நெஞ்சை நிமிர்த்தினார். வாழ்க்கையில் முதல் வெற்றி. கூட்டத்தில் ஒருவர் மெதுவாக, "அப்படியானால் ஓமத்தண்ணீரை நீரே உம் கையாலே புகட்ட வேண்டும் ஓய், பொழுது சாய்வதற்குள்" என்றார். தாண்டவன் குழியை எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து பிளந்த வாய் ஒன்று அவரைப் பார்த்தது. நெஞ்சு பழைய நிலைக்கு வந்தது.

"உப்புசமாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன்" என்றார். "இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை."

அப்போது மௌனசாமி வெளியே வந்தார்.

மெல்ல, ஒவ்வொரு காலாக வைத்து வந்தார். வயிறு ஒட்டி, தோல் சுருங்கிப் போயிருந்தது. குழிக்குள் வெள்ளை வெள்ளையாக, வேப்பம்பழ அளவில், குவியலாகக் கிடந்தன.

யாரும் பேசவில்லை. வாதத்துக்குப் பேர்போன மடத்தில் யாரும் பேசவில்லை.

மௌனசாமி அவர்களைச் சட்டை செய்யவில்லை. திரும்பி நின்று, முன்காலால் மண்ணை இழுத்தார். பின்காலால் தள்ளினார். மிதித்தார். மறுபடி இழுத்தார். குழி அப்படியே மூடிக்கொண்டு வந்தது.

"முட்டை" என்றார் ஒருவர் கடைசியில்.

"சமாதியைத் தானே மூடுகிறார், அதுவும் வெளியே நின்று..." என்று இன்னொருவர் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்தார்.

"அப்படியானால் அன்றைக்கு வந்த அந்தச் சீடர்..." என்றார் தாண்டவன். கற்பூரம் காட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். சங்கு ஊதியவர் சங்கை இடுப்பில் மறைத்துக்கொண்டு போனார்.

ஆபத்சகாயம் கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து, மாதுளை இலையை நனைத்து நீட்டினார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. சீறல் இல்லை. குடித்து முடித்து அவர் மணிக்கட்டின்மேல் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஆபத்சகாயத்துக்குக் கையை அசைக்கவே பயமாக இருந்தது.

"அம்மா."

"உம்."

"உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிருந்து?"

"சீடர் வந்தார் என்றீரே, அப்போதிருந்து."

"நான் கல்லை வைத்திருந்தால்?"

"வைக்கவில்லையே."

ஆபத்சகாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் தூங்குகிறவள் விழித்துவிடக் கூடாதே என்று கோபத்தையும் கிசுகிசுப்பாகவே பட வேண்டியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா! 'அது பெண் ஐயா, முட்டையிடப் போகிறது.' அவ்வளவுதானே? பாதி உயிர் போய்விட்டது எனக்கு. ஒரே ஒரு வார்த்தை!"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்?"

ஆபத்சகாயம் கையில் தூங்குகிறவளைப் பார்த்தார்.

"மறுத்திருப்பேன்."

"ஜெயித்தும் இருப்பீர்" என்றார் அம்மை.